பிலோமினா அக்காவின் பூக்கூடையில் நான்கு காயில்கள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டு வரிசையில் பிலோமினா அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே அவருடைய அண்ணன்மாருக்கும் பழைய ஃபோர்டு காருக்கும் தாவிவிடுகிறார்கள். கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வயது வரை ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு கார் தின்றது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பெரிய அண்ணன் லியனார்ட் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சின்னவர் வாலண்டைன் தந்திக் கம்பி வேலை பார்ப்பவர். ஒருவர் வீட்டு வாசலில் நின்றால் மற்றவர் வீட்டு வாசல் தெரியும். தகப்பனார் இறந்த பிறகு, தோட்டத்து டாக்டர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுச்சென்ற அந்த ஃபோர்டை இருவரும் கூட்டாக வாங்கினார்கள். அப்போதே அதற்கு எட்டு வயது. ஆளுக்கு ஒரு வாரம் என்று ஏற்பாடு. இரண்டு குடும்பமும் கோயிலுக்கும் பாசார் சந்தைக்கும் அதில் போகலாம் என்பது எண்ணம்.

முதல் வருஷமே வாலண்டைன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மோரிப் கடற்கரைக்குப் போனார். திரும்பி வந்தபோது கார் இருமியது. தண்ணீர் ஊற்றாமல் ஓட்டி என்ஜினை எரித்துவிட்டான் என்றார் லியனார்ட். வாங்கும்போதே அது அப்படித்தான் என்றார் வாலண்டைன். அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. ஆனால் காரை விற்கவும் இருவருக்கும் மனமில்லை. விற்றால் மற்றவன் வாங்கிவிடுவானோ என்ற பயம்.

அந்த மாதிரிக் காரில், ஓட்டுபவர் முழங்காலுக்கு எதிரே ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் செங்கல் பாதியளவில் நான்கு மரக்கட்டிகள். காயில் என்பார்கள். என்ஜினுக்குத் தீப்பொறி கொடுப்பது அவைதான். கையால் இழுத்தால் வந்துவிடும். பழைய காயில்கள் தேய்ந்தபோது லியனார்ட் இரண்டு புதுசு வாங்கினார். வாலண்டைனும் இரண்டு வாங்கினார். சனிக்கிழமை கார் கைமாறும்போது, கொடுப்பவர் தன்னுடைய இரண்டையும் உருவிக்கொண்டு தேய்ந்துபோன இரண்டைச் செருகிவிடுவார். அடுத்த வாரம் முழுக்கக் கார் நொண்டும். உருவிய காயில்களைச் சொந்த வீட்டில்கூட வைப்பதில்லை. பிலோமினா அக்காவிடம்தான் கொடுப்பார்கள். உலகத்தில் அவர்கள் இருவரும் நம்பிய ஒரே ஆள் அவர்.

நம்பினார்களே தவிர, அவருக்காக எதையும் செய்யவில்லை. லியனார்ட் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை குடிப்பான் என்று வாலண்டைன் வரிசை முழுக்கச் சொல்லிக் கெடுத்தார். வாலண்டைன் ஒரு வரன் கொண்டுவந்தார். அவர்கள் வந்த நாளில் லியனார்ட் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது வரனை அக்காவின் அத்தை டோரிஸ் பார்த்தார். மாப்பிள்ளை கிரிகரி, கிள்ளான் ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை. நல்ல மனுஷர். அவருக்கு நாட்டின் மறுகோடியில், கிளந்தானில் கோலக்கிராய்க்கு மாற்றல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். கிள்ளான் கோயிலில் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூசையும் கல்யாணமும். மறுநாள் விபூதிப் புதன். தபசுகாலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அந்தச் செவ்வாய் தவறினால் மாப்பிள்ளை கிளந்தானில், பெண் பிரிக்பீல்ட்ஸில். மறுபடி யார் யாரைக் கூப்பிடுவது?

“அத்தை, நாம ரயில்லயே போயிடலாம்” என்றார் அக்கா.

“வீட்டுல காரை வெச்சுக்கிட்டுக் கல்யாணப் பொண்ணு மூணாங் கிளாஸ்ல போறதா? கிள்ளான்காரன் சிரிப்பான்” என்றார் லியனார்ட். எதிர்வீட்டு வாசலிலிருந்து வாலண்டைனும் அதையேதான் சொன்னார். வருஷக்கணக்கில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அண்ணிமாரும் பிள்ளைகளும் முந்தின நாளே ரயிலில் கிள்ளான் போய்விட்டார்கள். செவ்வாய் காலை ஏழு மணிக்கு அக்கா இருவருடைய நான்கு நல்ல காயில்களையும் ஒன்றுசேர்த்துத் தன் கையாலேயே பெட்டியில் செருகினார். லியனார்ட் ஓட்ட உட்கார்ந்தார். தன்னுடைய இரண்டும் அதில் இருப்பதால் வாலண்டைன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் வெள்ளைச் சேலையில் அக்கா, மடியில் பூக்கூடை. அருகில் டோரிஸ் அத்தை.

“பிலோமினா, மெதுவா ஓட்டச் சொல்லும்மா உங்க பெரியண்ணனை” என்றார் வாலண்டைன், தோள் இடிக்கிற தூரத்தில் இருந்துகொண்டு.

“என்ஜினை எரிச்சவன் எனக்குப் பாடம் சொல்லவேணாம்னு சொல்லு.”

“பூசைக்குப் போறீங்கடா, வாயை மூடிக்கிட்டு வாங்க” என்றார் அத்தை.

நான்கு காயிலோடு கார் நன்றாகவே ஓடியது. வழியில் ஒரு லோரியைக்கூட முந்தியது. பத்து தீகா என்ற ஊருக்கு வந்தபோது பின் டயர் வெடித்தது. மணி ஏழு நாற்பது.

மாற்று டயர் வாலண்டைனுடையது. காரைத் தூக்கும் ஜாக்கி லியனார்டுடையது. லியனார்ட் ஜாக்கியை வைத்துக் காரைத் தூக்கினார். வாலண்டைன் மாற்று டயரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

“குடுக்கச் சொல்லு பிலோமினா.”

“குடுக்கறேன். மோரிப்புல நான் என்ஜினை எரிக்கலன்னு அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும்.”

“எரிச்சவனை எரிக்கலன்னு எப்படிச் சொல்றது?”

“அப்ப டயர் இல்ல.”

“டேய், அவளுக்குக் கல்யாணம்டா!” என்று அத்தை கத்தினார்.

“எனக்குத் தெரியாதா? அவர் ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம்லா.”

“ஓட்டத் தெரியாதவன் டயர் எனக்கு வேணாம். ஓட்டை டயரிலேயே ஓட்டறேன்.”

“என் காயில் ரெண்டையும் வெச்சுக்கிட்டா?” என்று கேட்டுவிட்டு வாலண்டைன் காருக்குள் குனிந்து தன் இரண்டு காயில்களையும் உருவினார். லியனார்ட் பாய்ந்து போய்த் தன் இரண்டையும் உருவினார். உருவியதும் என்ன செய்வது? சனிக்கிழமைதோறும் செய்ததையே செய்தார்கள். இருவரும் ஆளுக்கு இரண்டாக அக்காவிடம் நீட்டினார்கள்.

“பத்திரமா வெச்சுக்க” என்றார் லியனார்ட்.

“அவர்கிட்ட குடுத்துடாத” என்றார் வாலண்டைன்.

அக்கா நான்கையும் வாங்கிப் பூக்கூடையில் வைத்து, மேலே மல்லிகையைப் பரப்பினார். ரோட்டோரத்தில் தம்புசாமி என்பவருடைய தேத்தண்ணிக் கடை இருந்தது. அவர் இந்தக் கூத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கிள்ளான் ரயில் எத்தனை மணிக்கு?” என்று அவரிடம் கேட்டார் அக்கா.

“எட்டு பத்துக்கு வரும்மா. ஸ்டேசன் அரை மைல். இப்ப நடந்தா பிடிச்சிடலாம்.”

அக்கா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். அத்தை பின்னால் ஓடினார்.

“பிலோமினா! காயிலை எங்க கொண்டுபோற?” என்று லியனார்ட் கத்தினார்.

“கல்யாணத்துக்கு.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த இருவர்மேலும் வெறுப்பு வருகிறது. அரை மைல் நடந்தால் அவர்களும் அதே ரயிலில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. தான் போனால் வாலண்டைன் ஜாக்கியை எடுத்துக்கொள்வான் என்று லியனார்டுக்குச் சந்தேகம். தான் போனால் லியனார்ட் டயரை எடுத்துக்கொள்வார் என்று வாலண்டைனுக்குச் சந்தேகம். காரின் இந்தப் பக்கப் படியில் ஒருவரும் அந்தப் பக்கப் படியில் ஒருவருமாக, கல்யாண உடுப்போடு, பகல் பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தார்கள் என்று தம்புசாமி பின்னால் அத்தையிடம் சொன்னார். தேத்தண்ணி வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, “அந்த ஆளுக்கு வேணுமான்னு கேக்காதீங்க” என்று இருவருமே பதில் சொன்னார்களாம்.

அக்கா மூன்றாம் வகுப்பில், கோழிக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்பதடிக்க ஏழு நிமிஷம் இருக்கும்போது கோயில் வாசலில் வந்து நின்றார். பாதமெல்லாம் செம்மண். “அண்ணன்மார் எங்க?” என்று சாமியார் கேட்டார்.

“வரமாட்டாங்க சாமி. நீங்க ஆரம்பிங்க.”

டோரிஸ் அத்தைதான் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போனார். பூக்கூடையை அண்ணிமாரிடம் கொடுக்காமல் அக்கா காலடியிலேயே வைத்துக்கொண்டார். அன்று மாலை வரை அதில் என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளைக்கே தெரியாது. தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “கிளந்தான் வரைக்கும் இதைச் சுமக்கணுமா?”

“சுமக்கணும்” என்றார் அக்கா.

கோலக்கிராய்க்குப் பத்தே நாளில் இரண்டு கடிதங்கள் போயின. என்னுடைய இரண்டை மட்டும் அனுப்பு என்று லியனார்ட். என்னுடைய இரண்டை மட்டும் அனுப்பு, அவருடையதை அனுப்பாதே என்று வாலண்டைன். இரண்டிலும் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அக்கா ஒரே கடிதத்தில் இருவர் பெயரும் போட்டுப் பதில் எழுதி, அத்தைக்கு அனுப்பினார். அதை டோரிஸ் அத்தை எனக்குக் காட்டினார்: ‘இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். நான்கையும் அனுப்புகிறேன். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.’

அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. தாள் இன்னும் போகவில்லை. கார் தம்புசாமி கடையோரமாக, ஜாக்கியின்மேல் ஒருக்களித்து நிற்கிறது. அன்று தம்புசாமியின் பொறுப்பில் விட்டுவந்த ஜாக்கியை எடுக்க லியனார்டும் டயரை எடுக்க வாலண்டைனும் பிற்பாடு தனித்தனியே போனார்கள். மற்றவரும் வந்தால்தான் கொடுப்பேன் என்று தம்புசாமி விரட்டிவிட்டார். அப்படிச் செய்யச் சொன்னது அக்காதான்; அன்று ரயில் நேரம் கேட்டபோதே தம்புசாமி காதில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.