பாலைவனத்தில் ஒரு ஏகாதசி

ஸ்ரீரங்கத்திலிருந்து நானும் நண்பன் பஷீரும் ஒரே பைக்கில் ராஜஸ்தான் போயிருந்தோம். ஜெய்சல்மேரைத் தாண்டும்போது இருவருக்குமே உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. அன்று ஏகாதசி. நான் வழக்கம்போல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பஷீர் ஒரு தாபாவிலும் நிறுத்தவில்லை.

உச்சி வெயிலில் வண்டி தள்ளாடி, சாலையை விட்டிறங்கிச் சாய்ந்தது. நல்லவேளை, மணல் தாங்கிக்கொண்டது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும்தான் பஷீர் கண் திறந்தான்.

"காலைலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலையாடா?"

"நான் நோன்பு வச்ச நாள்ல, நீ என் முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா?"

பாட்டிலை நீட்டினேன்.

"நீ முதல்ல குடி" என்றான். குடித்தேன்.

இப்போதும் ஏகாதசிக்கு விரதம் உண்டு. அன்று வண்டியைத் தொடுவதில்லை. பஷீர் கண்ணிலும் படுவதில்லை.