மூப்பர் சொன்ன ஜெபம்

பெர்சியாளை அடக்கம் பண்ணின அன்று புதுப் போதகர் எழுந்து நின்று, “ஜெபத்தினால் அடக்கமும் பொறுமையும் கற்றுக்கொண்ட சகோதரி” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கமாம்! வேலூரிலிருந்து அவர் வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெர்சியாளை ஜெபம் என்ன பண்ணியது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து கேட்டவள் நான்.

ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தவள் அவள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்துல் ஹமீத் சாயபு தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கிப் போட்டு முடி சுரண்டுவது எங்கள் பாடு. அங்கே கூட வேலை பார்த்த குர்ஷித் பீவியும் நாங்களும் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கோவிலில்தான் அந்தக் கூத்து. திருவிருந்து அன்றைக்குத் தோல் ஷாப்புக்காரர்கள் வாசலோரம் நிற்க வேண்டும். பெரிய குடும்பங்கள் எல்லாம் திராட்சரசப் பாத்திரத்தில் குடித்து முடித்த பிறகு கடைசியாக எங்களுக்கு. இயேசு அப்படியா பந்தி வைத்தார்? கேட்டால் சபை மூப்பர் ஞானமுத்து, “வாடை தாங்கலம்மா” என்பார். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட சட்டை, பெரிய கைக்குட்டை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் பெர்சியாளின் மகள் ரெபேக்காளுக்குத் திடப்படுத்தல் ஆயிற்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். முதல் தடவையாகத் திருவிருந்து வாங்கப் போகிறாள். அவளையாவது மற்றப் பிள்ளைகளோடு முன்னால் முழங்காலிட விடுங்கள் என்று பெர்சியாள் மூப்பர் வீட்டுக்கே போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன். மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“இதுக்கு மனுஷன் இன்னா பண்ண முடியும்? ஜெபம் பண்ணும்மா. ஆண்டவர் மாத்துவார்” என்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

நாயை விரட்டக் கல்லை எடுப்பார்கள். இவர் ஜெபத்தை எடுத்தார்.

ஆனால் பெர்சியாள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டாள். தினம் வேலை விட்டதும் பாலாற்று ஊற்றில் கை கழுவிக்கொண்டே வாய்விட்டு ஜெபம் பண்ணுவாள். “இந்த வாடைய எடுத்துடு ஆண்டவரே.” சீயக்காய், சாம்பல், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுத் தேய்ப்பாள். சுண்ணாம்பு அரித்த விரலில் எலுமிச்சை பட்டால் எப்படி எரியும் என்று ஞானமுத்துவுக்குத் தெரியுமா? எனக்கு அவள் மேலேகூடக் கோபம் வந்தது. “போதும் நிறுத்துடி, பேஜாரா இருக்குது” என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம், “என் பொண்ணு மேல இருக்கிற வாடையையும் எடுத்துடு ஆண்டவரே” என்றாள். சொன்னவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

“யக்கா, நான் இப்போ இன்னா சொன்னேன்?”

“ரெபேக்கா மேல வாடைன்னே.”

“அவ தோல் ஷாப்பு வாசலையே மிதிச்சதில்லையேக்கா. அவ மேல ஏது வாடை?” முகம் கன்றிப் போயிற்று அவளுக்கு. “அந்த ஆளு பேச்சையில்ல இத்தினி நாளா ஆண்டவர் காதுல ஓதிக்கினு இருந்தேன்! பெத்த பொண்ண நானே நாத்தம்னு சொல்லிட்டேனே!” ஆற்று மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அதற்குப் பிறகு எலுமிச்சைத் தோலை அவள் தொடவில்லை. ஜெபத்தை மட்டும் விடவில்லை. “அவரு வார்த்தைய என் வாயிலருந்து எடுத்துடு” என்று கேட்டாள். அப்புறம், “அந்த ஐயா மூக்க சொஸ்தமாக்கு ஆண்டவரே” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முதலில் அவளும் சிரித்தாள். போகப் போகச் சிரிக்காமல், வீட்டு மனுஷனுக்கு நோவு வந்தால் கேட்பதுபோல் கேட்டாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இன்றுவரை வரவில்லை. வரவும் வேண்டாம்.

திருவிருந்து ஞாயிறு வந்தது. வழக்கம்போல் நாங்கள் வாசலோரம். அப்போதிருந்த பழைய போதகர் பாத்திரத்தை எடுத்ததும், பெர்சியாள் ரெபேக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவே நடந்து போனாள். முன் வரிசையில், மூப்பருக்குப் பக்கத்திலேயே, இருவரும் முழங்காலிட்டார்கள். பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

“இன்னாம்மா இது அக்கிரமம்?” என்று சீறினார் ஞானமுத்து. “உன்ன ஜெபம் பண்ணத்தானே சொன்னேன்?”

பெர்சியாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் வாசல்வரை கேட்டது.

“பண்ணேங்கய்யா. அதான் வந்துட்டேன்.”

போதகர் பாத்திரத்தோடு அவர்கள் முன்னால் வந்தார். பிறகு குனிந்து ரெபேக்காளுக்குக் கொடுத்தார், அவளுக்குப் பின் பெர்சியாளுக்கு. அதே பாத்திரத்தில் அடுத்தது மூப்பர். அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். முன் வரிசையில் அவர் இடம் காலியாக இருந்தது. நான் போய் அங்கே முழங்காலிட்டேன்.