சாத்தே குச்சியின் கூர்முனை

பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தரும் தொழிலில் முதலில் வெட்டுப்படுவது டீச்சரின் தைரியம்தான். பயந்த அம்மாக்களே, உங்களுக்குப் புரியும். தேக்காவில் ஒரு துணைப்பாட வகுப்பின் மாடியறையில் சனிக்கிழமைதோறும் சொல்லித்தருகிறேன். என் ஆறு வயது மகள் மிரியமும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். இந்த முறை செய்யவேண்டியது பொம்மைக் காற்றாலை.

புதுக் குப்பை

வீட்டில் தூக்கிப்போடுகிற காகிதக் கோப்பை, மைலோ டப்பா அட்டை, இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சி, இவை போதும் என்று சொல்லியனுப்பியிருந்தேன். ஆங் மோ கியோ வட்டாரத்திலிருந்து வரும் ஓர் அப்பா பிரிக்காத கோப்பைப் பொட்டலத்தோடு வந்து நின்றார். பழையதே போதுமே சார் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பழசு கொண்டாந்தா மார்க் குறைச்சிடுவீங்களோன்னு பயம்தான் டீச்சர்."

கிளினிக் வரிசை

கூர்முனை கண்ணில் பட்டுவிட்டால்? பிள்ளைகள் கொண்டுவருவதை நம்பாமல் நானே குச்சிகள் சேர்த்து, அத்தனையின் முனையையும் வீட்டிலேயே நறுக்கிவிட்டேன். மொட்டைக் குச்சி கோப்பைக்குள் இறங்குமா? இறங்கவில்லை. பிள்ளைகள் ஊசி போட வந்தவர்கள் போல வரிசையில் நிற்க, ஒவ்வொரு கோப்பையிலும் நானே காம்பஸால் ஓட்டை போட்டேன். இறக்கையையும் நானே மாட்டினேன். கடைசியில் நின்ற அர்ஜுன் கைகட்டிக்கொண்டு கேட்டான்.

"எல்லாத்தையும் நீங்களே செய்றீங்க டீச்சர், அப்புறம் நாங்க எதுக்கு வந்தோம்?"

மிரியம் சொன்னது

அர்ஜுன் காம்பஸை எடுத்து மிரியமிடம் நீட்டினான். என் மகள் இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். கான்வென்ட்டில் நான் அவளைவிடச் சற்றே பெரியவளாக இருந்தபோது சிஸ்டர் என் கையில் ஊசியும் நூலும் கொடுத்தார். குத்திக்கொண்டேன், சப்பிக்கொண்டேன், தைத்தேன். இவள் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அங்கே யார் இவளுக்கு ஓட்டை போட்டுத் தருவார்கள்? என் பயத்தை இவளுக்கும் ஊட்டிவிட்டேனோ என்று நினைத்தபோதே அவள் அர்ஜுனிடம் சொன்னது கேட்டது.

"வேணாம்லா, குத்திடும். குத்துனா அம்மா அழுவாங்க."

நடைபாதையில்

அடுத்த சனிக்கிழமை முனை நறுக்காத குச்சிகளைக் கொண்டுபோனேன். கோப்பைக்குள் களிமண் உருண்டையை வைத்து, அதில் குத்தச் சொன்னேன். மிரியம் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், மனதுக்குள் ஜெபமாலை ஓடியது. டொக்கென்று ஒரு சத்தம். திரும்பினால் குச்சி மறுபக்கம் வந்திருந்தது. ஓட்டை கோணல், இறக்கை ஆடியது.

வெளியே நடைபாதையில் துளிக் காற்றில்லை. "ஓடினா சுத்தும்!" என்று அர்ஜுன் கத்த, எல்லாரும் ஓடினார்கள். விழுந்துவிடுவாளோ என்று என் கை தானாகப் போய் மிரியமின் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் காற்றாலை அப்படியே நின்றது. அவள் அழவில்லை, கெஞ்சவுமில்லை.

"கைய விடுங்கம்மா, நீங்க புடிச்சா இது சுத்தாது."

விட்டேன். விரலில் குத்திக்கொண்டால் ஒட்டலாம் என்று இந்த வகுப்புக்கென்று நான் வாங்கிவைத்த பிளாஸ்டர் பெட்டி இப்போது காலி, அத்தனையும் ஓடி ஓடிப் பிய்ந்த காற்றாலை இறக்கைகளில்தான் ஒட்டியிருக்கின்றன.