கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்

சிதம்பரம் தெற்கு வீதியில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருடைய ஜாதகம் என் மெஷினுக்குள் போய் வந்திருக்கிறது, என்னுடையதை மட்டும் நான் யாரிடமும் காட்டியதில்லை. கடைக்கு வந்து யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் "எத்தனை காப்பி வேணும், அதச் சொல்லுங்க" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதற்காக நீங்கள் இதை நம்ப வேண்டாம். என் வீட்டுக்காரரே நம்பவில்லை, அன்றைக்கு அவர் கேட்டுக்கு வெளியேதான் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவைக் கடலூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். மறதி நோய். லைன்மேனாக இருந்தவர், ரிட்டயர்டு ஆகிப் பல வருஷம் கழித்து ஒருநாள் வீட்டை விட்டுப் போய்த் தெருமுனை மின்கம்பத்தில் ஏறப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கடையைப் பார்ப்பேனா, அவரைப் பார்ப்பேனா? சேர்த்த அன்று, "உக்காருப்பா, டீ வாங்கியாறேன்" என்று சொல்லி வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டேன். இல்லத்து ஆட்கள் உள்ளே ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தார்கள், வீட்டுக்காரர் ஆட்டோவில் இருந்தார். இந்தப் பொய்யை அன்றிலிருந்து நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்போதாவது ஒருநாள் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியும், அன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் "யாரு, கணக்கெடுக்க வந்தவங்களா?" என்பார். சரி, அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவேன்.

பிறகு கொரோனா வந்தது. உள்ளே விடமாட்டோம் என்றார்கள், கொஞ்ச நாள் கழித்து ஜன்னல் பார்வை என்று ஒன்று வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஒரு நோயாளிக்கு ஒருத்தர், பத்து நிமிஷம். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், வெளியே வெயிலில் நாம் நிற்க வேண்டும். இல்லத்துக்கென்று இருந்த ஒரே செல்போனை அவர் கையில் கொடுப்பார்கள், நாம் நம் போனில் பேச வேண்டும். ஜன்னலுக்கு வருகிறவர்களுக்குப் போட்டுவிட நல்ல வெள்ளைச் சட்டை இரண்டு வைத்திருந்தார்கள். யார் முறையோ அவருக்கு அதைப் போட்டு, நெஞ்சில் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதிவிடுவார்கள். குளிப்பாட்ட வசதி என்று எல்லாருக்கும் தலையும் தாடியும் மழித்திருந்தார்கள். அதன் மேல் முகக்கவசம் வேறு. கண்ணும் நெற்றியும்தான் வெளியே தெரியும்.

இரண்டாவது அலை சமயம் அது. பஸ் இல்லை, ஈ-பாஸ் எடுத்துக்கொண்டு வண்டியில்தான் போனோம். என் கடையில் ஊருக்கெல்லாம் ஈ-பாஸ் அடித்துக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று அடித்துக்கொண்டேன். போய் நின்றபோது மூன்றரை மணி இருக்கும். கண்ணாடியில் என் முகமும் பின்னால் இருந்த வெயிலும்தான் பெரிதாகத் தெரிந்தன. உள்ளே வெள்ளைச் சட்டை, பிளாஸ்திரியில் 'கோவிந்தசாமி' என்று அப்பா பெயர். மெலிந்து போயிருந்தார். வசந்தா என்ற ஆயா போனைக் கையில் பிடித்துக்கொள்ள வைத்துவிட்டு, வேறு யாரோ கத்துகிறார்கள் என்று உள்ளே ஓடிவிட்டாள்.

நான் வழக்கம்போல, சாப்பிட்டியாப்பா, மருந்து போட்டியாப்பா என்று கேட்டுக்கொண்டே போனேன். பதில் வராது என்று தெரிந்தே கேட்பதுதானே. அப்போது போனில் இரண்டு முறை செருமும் சத்தம் வந்தது.

"செல்வி."

இரண்டு வருஷமாக அவர் வாயில் வராத என் பெயர். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"டீ வாங்கியாறேன்னு சொல்லிட்டுப் போனல்ல. வரமாட்டன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் உக்காந்துருந்தேன்."

நான் "ப்பா" என்றேன். எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு, அந்த நேரத்தில் நாக்கு புரளவில்லை.

மறுபடி இரண்டு முறை செருமல். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, விடு. வெயில்ல நிக்காத, போ."

அவ்வளவுதான். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகக்கவசம் இருந்ததால் வாய் அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. குரல் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது, அதை மட்டும் கவனித்தேன். கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்கிறவர்களிடம் கத்திக் கத்தி அப்பாவுக்குத் தொண்டை பெரிசு, வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருவுக்குக் கேட்கும். இது பஞ்சு மாதிரி மெதுவான குரல். உடம்பு முடியாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள எனக்கும் வசதியாக இருந்தது.

திரும்பும் வழியில் ஆலப்பாக்கம் தாண்டியிருப்போம், இல்லத்திலிருந்து போன் வந்தது. மேனேஜர். அப்பா அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டார், இரண்டரை மணிக்கு, என்றார். காலையில் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் ஏற்றினார்களாம். எனக்குச் சொல்ல என் பழைய நம்பருக்கே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார், ஜன்னலில் நான் கூப்பிட்ட நம்பரைப் பார்த்துத்தான் இப்போது அடித்தாராம். மருத்துவமனைக்காரர்கள் இல்லத்துக்கு அடித்தபோது லைன் பிஸியாகவே இருந்ததாம். மத்தியானத்திலிருந்து ஜன்னலில் ஒவ்வொருத்தராகப் பேசி, கடைசியில் என்னோடும் பேசிக்கொண்டிருந்த போன்தானே அது.

வண்டியைத் திருப்பினோம். இல்லத்து வாசலில் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அப்ப மூணரைக்கு நான் யார்கிட்டப் பேசுனேன்?"

வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எனக்கு யாருமே சொல்லலம்மா! நான் மத்தியானந்தான் டூட்டிக்கி வந்தேன். போன வாரச் சட்டைய எடுத்தேன், பிளாஸ்திரில பேரு இருந்துச்சி, உங்கப்பா கட்டில்ல இருந்தவருக்குப் போட்டுவுட்டேன், மொட்டையும் மாஸ்க்குமா எல்லாரும் ஒண்ணாத்தான் தெரியிறாங்க. அது யூசுப் பாய்ம்மா, பரங்கிப்பேட்டக்காரரு. காலையிலதான் அவர அந்தக் கட்டிலுக்கு மாத்துனாங்களாம்."

"அவர் எங்கிட்டப் பேசுனாரே."

வசந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவரா? அவரு பக்கவாதம் வந்து பேச்சு போனவரும்மா. மூணு வருஷம் ஆச்சி. தண்ணி வேணுன்னாகூடக் கையத்தான் காட்டுவாரு."

இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அதிர்ச்சி, குற்ற உணர்ச்சி, மனசே பேசியிருக்கும். வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். இருக்கட்டும். ஆனால் மனசு பேசுவதற்கு முன்னால் எனக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை, அப்பா உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பதாகத்தானே நின்றுகொண்டிருந்தேன்? அதைவிட எனக்கு உறைக்கிற விஷயம் வேறு. என்னை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்று இரண்டு வருஷம் எல்லாரிடமும் குறை சொன்னேன். கடைசியில் அவரை எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு பெரியவரைப் பார்த்து அப்பா என்று கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்பாவுக்காவது மறதி நோய் இருந்தது. எனக்கு எந்த நோயும் இல்லை.

எங்களைத் தூரத்தில் நிற்க வைத்து, அப்பாவைச் சுற்றிக் கட்டிய பொட்டலமாகக் காட்டினார்கள். பார்த்தேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். மறுநாள் கடையைத் திறந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் குவைத்திலிருந்து ஒரு போன். யூசுப் பாயின் மகன், சலீம். விமானம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டவன். அவன் வாப்பாவும் முந்தின வாரம் காலமாகிவிட்டாராம், கடைசிவரை வந்து பார்க்க முடியவில்லை. வசந்தா எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி என் நம்பரையும் கொடுத்திருக்கிறாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வாப்பா உங்ககிட்டப் பேசுனாங்களாமே, நெசமாக்கா?"

"எனக்குத் தெரியலப்பா. எங்க அப்பாதான்னு நெனச்சேன்."

"என்ன பேசுனாங்கன்னு கேக்கலக்கா, அது உங்க வீட்டு விஷயம். குரல் எப்புடி இருந்துச்சி?"

மெதுவாக இருந்தது என்றேன். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை செருமினார் என்றேன். அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை வாய்விட்டு அழுவது கேட்டது.

"அதாங்க்கா. அதேதான். ரெண்டு தடவ செருமிட்டுத்தான் வாயத் தொறப்பாங்க. சின்னப் புள்ளையில நாங்க அதச் செஞ்சிக் காட்டி அடி வாங்கிருக்கோம்."

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் பண்ணுகிறான். சலாம் சொல்லி, கடை எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி, "அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்களேன்" என்பான். நானும் சொல்வேன். அவனுக்காகச் செருமியே காட்டுவேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், போன வாரம் என் தம்பி மகள் ஏதோ பள்ளிக்கூட வேலைக்காக, "அத்தை, தாத்தா எப்டிப் பேசுவாரு?" என்று கேட்டாள். கத்திப் பேசுவார் என்று சொன்னேன், தெரிந்த விஷயம்தானே. எங்கே பேசிக் காட்டு என்றாள். கண்ணை மூடி அப்பா என்னைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். நாற்பது வருஷம் கேட்ட குரல். எவ்வளவு யோசித்தாலும், செல்வி என்று கூப்பிட இப்போது இரண்டு முறை செருமிவிட்டு அந்தப் பெரியவர் மட்டும்தான் வருகிறார்.