வாடிவாசல் மட்டும் விழுந்த படங்கள்

எங்க வீட்டுக்காரர் திருமங்கலத்துல ஸ்டுடியோ வச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னு அவர் எடுத்துட்டு வர்ற படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறது என் வேலை. ஃபிலிம் ரோல் போயி மெமரி கார்டு வந்த புதுசு. எந்தக் கார்டு சுறுசுறுப்பு, எது சோம்பேறின்னு அவரைவிட எனக்குத்தான் தெரியும். ஒண்ணு, நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அம்புட்டுப் படத்தையும் இறக்கிரும். இன்னொண்ணு, சோறு வடிச்சுட்டு வந்து பாத்தாலும் பாதியிலதான் நிக்கும்.

அந்த மார்கழியில எங்க அப்பா கிணத்து மேட்டுல விழுந்து, இடுப்பு உடைஞ்சு படுக்கையில கிடந்தார். கன்னுக்குட்டியில இருந்து அவர் கையால தவிடு வச்சு வளத்த காளை, தையிலதான் முதல்முதலா ஜல்லிக்கட்டுக்குப் போகுது. மாட்டை என் தம்பி கொண்டுபோறதா ஏற்பாடு. அப்பாவைத் தூக்கிட்டுப் போக வழியில்ல. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "மாப்ள, வாடிவாசலை விட்டு அது தாவுற தாவை மட்டும் எடுத்துட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் வேணாம்"னார். அப்பா யார்கிட்டயும் எதுவும் கேட்டு நான் பாத்ததில்ல.

கார்டு வாங்க இவர் மதுரைக்குக் கிளம்பினப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், "சின்னதா இருந்தாலும் வேகமான கார்டா வாங்குங்க"ன்னு. கேமரா, எடுக்குற படத்தை முதல்ல தன் வயித்துல வச்சுக்கிட்டுத்தான் கார்டுக்கு எழுதும். கார்டு மெதுவா இருந்தா வயிறு ரொம்பி அப்படியே நின்னுரும். இவரோ கல்யாண வீட்டுப் புத்தியோட பெரிய கார்டைத் தூக்கிட்டு வந்து நின்னார். "ரெண்டு கல்யாணம் அடங்கும்"னு பெருமை வேற. "மாடு என்ன, மாலையைப் போட்டுக்கிட்டு நின்னு போஸ் குடுக்குமா?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டார்.

ஜல்லிக்கட்டுல, மாடு வெளிய வர்றதுக்கு முன்னாடியே மைக்குல மாட்டுக்காரர் பேரையும் ஊரையும் சொல்லுவாக. உள்ள மூக்கணாங்கயிறு அறுபடாம மாடு நிக்கும்போதே பேரு முழங்கிரும். எங்கப்பா பேரு ஊருக்கே கேக்கவும் இவருக்குத் தலைகால் புரியல. பட்டனை அமுக்கினவர் விரலை எடுக்கல. வெறும் வாசலையே எடுத்து எடுத்து வயிறு ரொம்பி, காளை வெளிய வந்த நேரம் கேமரா நின்னுருச்சு. சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்குமினுக்குன்னு எரியுது. அதையே பாத்து நின்னவர், சனம் கத்துற சத்தத்துல தலை நிமிர்ந்தா, காளை யார் கைக்கும் சிக்காம ஓடிப்போயிருந்துச்சு.

படங்களை நான்தான் ஏத்தினேன். வாசல், வாசல், வாசல். கடைசியில புழுதி. எனக்கு வாயில வந்தபடி கேட்கத் தோணுச்சு. இவர் மூஞ்சியைப் பாத்துட்டு, எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு அப்பா கையில குடுத்தேன்.

அப்பா ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோயி, உள்ள இருட்டுல கொம்பு தெரியுதான்னு பாத்தார். அப்புறம் எல்லாத்தையும் அடுக்கி நெஞ்சு மேல வச்சுக்கிட்டு, "படம் கெடக்கட்டும் மாப்ள. நீங்க கண்ணால பாத்தீகள்ல, எப்படித் தாவுச்சு, சொல்லுங்க"ன்னார்.

கயித்தை அறுத்த தம்பி உள்ள, மாட்டுக்குப் பின்னால நின்னவன். நான் அப்பாவுக்குத் துணையா வீட்டுல. பாத்திருக்க வேண்டியவர் இவர் ஒருத்தர்தான்.

"நான் பாக்கல மாமா"ன்னார். "கேமராவையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

அப்பா கோவிச்சுக்கல. "யாரும் தொடலைல்ல? அது போதும்"னுட்டு சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

ஆடியில அப்பா போயிட்டார்.

மறுவருசம் இவர் யாரும் சொல்லாமலே வேகமான கார்டு ஒண்ணு வாங்கினார். நாலு காலும் தரையில இல்லாம, முதுகு வளைஞ்சு, ஒரு கை மேல படாம எங்க காளை வாசலைத் தாண்டுறது அச்சா விழுந்துருச்சு. பெரிசாப் போட்டு, சட்டம் அடிச்சுக் கொண்டாந்து, எங்கப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்ட ஆணியை வச்சார்.

"அங்க வேணாம், எதிர்ச் சுவத்துல மாட்டுங்க"ன்னேன். "பக்கத்துல மாட்டினா அவர் எப்படிப் பாப்பார்?"