உள்பக்கம் திரும்பிய வாட்ச்

ஸுப்ரியா முதன்முதலில் வடிவமைத்த வாட்சில் ஒருவராலும் மணி பார்க்க முடியவில்லை. எண் கிடையாது, கோடு கிடையாது, கறுப்புத் தட்டில் கறுப்பு முட்கள். அவள் வேலை பார்த்த பெங்களூரு கம்பெனி அதற்கு ஒரு கார் விலை வைத்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் அப்பா வெங்கிடராமன் அதைக் கட்டிக்கொண்டு ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பி, நேரே ராகுகாலத்தில் போய் இறங்கினார்.

“என்னடி இது, மணி கேட்டா இருட்டைக் காட்டறது?”

“அதாக்கும், அப்பா, ஸ்டைல்.”

“அப்போ ஸ்டைலை நீயே கட்டிக்கோ. என் பழைய வாட்சைக் கொண்டா.”

சுருக்கென்றது. அடுத்த சில வருஷங்கள் பாரம்பரியத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு பக்தி. தட்டில் கதகளி முகம், பக்கத்தில் யானை, யானைக்குப் பின்னால் கொச்சிக் கரையின் சீன மீன்வலை. துதிக்கைதான் நிமிஷ முள். மணிக்கொரு தரம் அது கதகளிக்காரரின் மூக்குக்குள் புகுந்து புறப்படும். அவர் தும்மியதைக் கேட்டவர்கள்கூட உண்டு. விமான நிலையக் கடைகளில் வியாபாரம் அமோகம். அவளுக்குத்தான் பார்க்கப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஒரு லீவில் ஊருக்கு வந்தவள், எதிரே இருக்கும் வைப்பின் தீவிலிருந்து படகில் திரும்பிக்கொண்டிருந்தாள். நல்ல மழை. குடை பிடித்த கையில் மணி பார்த்தவள், அப்படியே நின்றாள். ஆபீசில் மேல்பக்கம் இருக்கும் வாட்சை, ஊருக்கு வந்ததும் தன்னை அறியாமலே மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பியிருக்கிறாள்! சுற்றிப் பார்த்தால் மீன்காரியிலிருந்து டீச்சர் வரை படகில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். பஸ் கம்பியில் இடிக்காமல், தேங்காய் துருவும்போது கீறாமல், காலம் காலமாக உள்பக்கம். இவளானால் இத்தனை வருஷமும் யானை வரைந்துகொண்டிருந்தாள்.

அந்தப் படகில்தான் புது வாட்ச் பிறந்தது. வெளியே பார்த்தால் திருகாணி வைத்த மெல்லிய தங்கக் காப்பு. உள்பக்கம் அப்பளம் போல் தட்டையான முகம்; அப்பா கண்ணாடி போடாமலே படிக்கும்படி எண்கள்.

கம்பெனித் தலைவர் ஆனந்தகுமார் தலையில் அடித்துக்கொண்டார். “லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கறவன் அடுத்தவன் பார்க்கத்தானே கட்டறான்? நீங்க ஒளிச்சு வைக்கச் சொல்றீங்களே! உங்க ஊர்க் கண்காட்சியில ஒரே ஒரு ஆர்டர் வரட்டும். வரலைன்னா ஆயுசுக்கும் யானைதான்.”

கண்காட்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கில். வந்தவர்கள் தாங்கியில் காப்பை மட்டும் பார்த்து, “கொள்ளாம், நன்னாயிருக்கு” என்று நகர்ந்தார்கள். சாயங்காலம் வரை ஆர்டர் ஒன்றும் இல்லை.

“துதிக்கை வரைய ஆரம்பிக்கலாமா?” என்றார் ஆனந்தகுமார்.

கோழிக்கோட்டு நகைக்கடைக்காரி சுல்ஃபத் கிளம்பி, வாசலில் மழையைப் பார்த்து நின்றாள். ஸுப்ரியா குடையோடு ஓடினாள். சுல்ஃபத்தின் இடது கையில் வாட்சைப் பூட்டி, அதே கையில் குடையைக் கொடுத்தாள்.

“இத்தா, கார் வரைக்கும் இதைக் கட்டிண்டு நடங்கோ. போதும்.”

பாதி வழியில் சுல்ஃபத் நின்றுவிட்டாள். குடைக் காம்பைப் பிடித்த கையில், கண்ணுக்கு நேரே, மணி.

“யா ரப்பே! மோளே, இது என்னையே பார்த்துட்டு நிக்குது!” கையைத் திருப்பினாள். தங்கம் பளபளத்தது. “ஊருக்குக் காப்பு, எனக்கு மணி! என் மருமகள்மாருக்கு ஆளுக்கொண்ணு. கடைக்கு எத்தனை தருவே, அதைச் சொல்லு.”

அவ்வளவுதான். உள்ளே இருந்தவர்களெல்லாம் குடை கேட்டார்கள். கூரைக்கடியில் ஒரு சொட்டு மழை இல்லை, பெரிய பெரிய வியாபாரிகள் குடையை விரித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். குடைக்கு வரிசை நின்றது. வரிசையில் முதல் ஆள் ஆனந்தகுமார்.

“சார், யானை?” என்றாள் ஸுப்ரியா.

“எந்த யானை?”

புது வாட்சில் முதலாவது அப்பா வெங்கிடராமனுக்கு. சுட்டெரிக்கும் மேட மாச வெயிலோ, மேகம் மூடிய நாளோ, இப்போதெல்லாம் மனிதர் குடை விரிக்காமல் தெருவில் இறங்குவதே இல்லை. யாராவது மணி கேட்கமாட்டார்களா என்று மெதுவாக வேறு நடக்கிறார்.