மேளக்காரனுக்காக நின்ற ஜீப்

எண்பதுகளில் குரங்கணிப் பள்ளிக்கு என்னை ஏற்றிச் சென்ற ஜீப் டிரைவர், வெயிலிலும் காதை மூடி மப்ளர் கட்டியிருப்பார். மலையேற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன கேசட்தான் அவர் வண்டியில் எப்போதும் ஓடும். ஏதோ இங்கிலீஷ் கச்சேரியில் பதிந்தது. ஒரே பாட்டு பாதி வழிக்கு வரும்.

அதில் ஓரிடம் வந்ததும், ஏற்றமென்றும் பாராமல் எஞ்சினை அணைத்து மப்ளரை இறக்குவார். மஞ்சு மூட்டம் ஜீப்புக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும்.

“வெரசா எடுப்பா, சோலி கெடக்கு” என்றாள் ஒருநாள் பின்னால் இருந்த பெண்.

“செத்த இரு ஆத்தா” என்றவர் என்னிடம் திரும்பினார். “இந்தா, மேளக்காரன் தாளத்த விட்டுட்டான் டீச்சர். மத்தவங்க நிறுத்தல பாருங்க. அவன் வந்து சேர்ற வரைக்கும் அதே எடத்துலயே சுத்திக்கிட்டு இருக்காங்க.”

எனக்கு இரைச்சல்தான் கேட்டது. பல பயணங்களுக்குப் பிறகே, தடுமாறித் தடுமாறி மேளம் வந்து சேர்வது கேட்டது. கேசட்டுக்குள் கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் மப்ளரைக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மாற்றலாகி மதுரைக்குப் போனபின், ஒரு கேசட் கடையில் அதே பாட்டைக் கேட்டேன். அதே குழுதான், ஆனால் வேறொரு நாள் கச்சேரி. அன்று யாரும் தாளம் தப்பவில்லை. பாட்டு அந்த இடத்தை நிற்காமல் கடந்து போய்விட்டது. நான் அங்கேயே நின்று மேளக்காரனைத் தேடிக்கொண்டிருந்தேன்.